நிர்ப்பீடனம் படிக்க எந்த வாசலால் போவது?

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையே பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலுக்கு எங்கள் பக்கத்தில் கிராக்கி கூடிவிடும். ஒரு புத்தகம் ஐந்து வீடு சுற்றும். இந்த முறை அது என் வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்தபோது மூலையெல்லாம் மடிந்து, ஓரங்களில் நாலு நிறப் பேனாக் கோடுகளோடு இருந்தது. கொண்டுவந்தவள் என்னிடம் உயிரியல் படித்த பிள்ளை. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, வயலும் ஏழெட்டு மாடும் உள்ள வீடு. அம்மாவும் கூட வந்திருந்தார்.

“சேர், எனக்கு நிர்ப்பீடனம் படிக்கோணும். அதுக்கு எந்தக் கோர்ஸை முதலாவதாப் போடுறது?”

நிர்ப்பீடனம் என்றால் உடம்பின் நோயெதிர்ப்பு. நான் படிப்பிக்கத் தொடங்கியதிலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. டொக்டருக்குப் புள்ளி காணுமா, காணாவிட்டால் வேறென்ன போடலாம் என்பதுதான் வழமை.

இந்தப் பிள்ளை ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் அறுவடை நேரம், மைமல் பொழுதில் வரம்பில் வைத்து அவளின் அப்பாவைப் புடையன் கடித்தது. ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மனிதனுக்கு உடம்பெல்லாம் தடிப்புக் கிளம்பி, மூச்சு இழுத்து, பிரஷர் இறங்கிவிட்டது. பாம்பு செய்யாததை மருந்து செய்யப்போகிறதோ என்று எல்லோரும் பயந்தார்கள். தாதி தயாராக வைத்திருந்த அதிரினலின் ஊசியைத் தொடையில் போட்டபின் ஆள் தேறினார். பக்கத்து ஸ்டூலில் இருந்து இதையெல்லாம் பார்த்தவளிடம் அங்கிருந்த இளம் டொக்டர் சொன்னாராம்: “இந்த மருந்து குதிரையின்ர இரத்தத்தில இருந்து எடுக்கிறது. அப்பாவின்ர உடம்பு அதையும் எதிரி எண்டு நினைச்சிட்டுது.” அந்த வசனம் அவளைப் பிடித்துக்கொண்டது. எதிரி எது, உறவு எது என்று உடம்பு எப்படிக் கண்டுபிடிக்கிறது? நிர்ப்பீடனவியல் முழுவதும் சுற்றிச்சுற்றி இந்தக் கேள்விக்குள்தான் நிற்கிறது.

அன்று அவளுக்கு வாயால் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார்ப் பக்கத்துப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. கொழும்பில் இருக்கிற பிள்ளைக்குக் கணக்கு வேறு.

முதலில் இந்த வேலை என்னவென்று சொல்ல வேண்டும். வெள்ளைக் கோட்டும் நுணுக்குக்காட்டியும் என்ற படம் பாதிதான் உண்மை. நான் முதன்முதலில் செய்து பார்த்தது குருதியிலிருந்து நிணநீர்க்குழியங்களை, அதாவது நோயெதிர்ப்பு வேலை செய்யும் ஒருவகை வெண்குழியங்களை, பிரித்தெடுப்பது. ஃபிக்கோல் என்ற அடர்த்தியான திரவத்தின்மேல், ஐதாக்கிய குருதியைக் குழாயின் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கை நடுங்கினால் இரண்டும் கலந்து எல்லாம் பழுது. பிறகு மையநீக்கியில் போட்டு அரை மணித்தியாலம் சுற்றி எடுத்தால், அடியில் செங்குழியம், மேலே மஞ்சள் தெளிவு, இரண்டுக்கும் நடுவே அரிசி கழுவிய தண்ணீரின் நிறத்தில் மெல்லிய ஒரு வளையம். அந்த வளையத்துக்குள்தான் எங்களுடைய ஆட்கள் இருக்கிறார்கள். அதை உறிஞ்சி எடுக்கும்போது ஒரு சந்தோஷம் வரும். மற்ற நாட்களில் வேலை என்பது பத்துப் பரிசோதனையில் ஏழு பிழைத்துப்போவது, ஏன் பிழைத்தது என்று கணினிக்கு முன் குந்தியிருப்பது, அடுத்த வருடக் காசுக்கு விண்ணப்பம் எழுதுவது. இதை முதலே சொல்லிவிட்டால் பாதிப் பேர் வேறு பக்கம் போய்விடுவார்கள். போகட்டும்.

சரி, வழிகளை எதைக்கொண்டு ஒப்பிடுவது? பட்டத்தின் பெயரை வைத்து ஒப்பிட்டால் பதில் எப்போதும் மருத்துவம்தான். நான் கேட்கச் சொன்னது வேறு. வீட்டுக்கு முதல் சம்பளம் எந்த வயதில் வரும்? சொந்தக் கேள்வி ஒன்றோடு ஆய்வுகூட மேசையில் எந்த வயதில் நிற்கலாம்? நடுவழியில் நின்றுபோனால் கையில் என்ன மிஞ்சும்? எங்கள் வீடுகளில் மூன்றாவது கேள்விதான் பெரிய கேள்வி. போர் முடிந்து திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழே தொடங்கிய குடும்பங்கள் பிள்ளையின் பத்து வருடத்தைச் சும்மா பந்தயத்தில் வைக்க மாட்டா.

மருத்துவத்தை முதலில் பார்ப்போம். இடம் கிடைப்பதில் எங்களுக்கு ஒரு சின்ன அனுகூலம் இருக்கிறது. பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. வன்னியின் நாலு மாவட்டங்களும் அந்தப் பதினாறுக்குள் வருகின்றன. ஆனாலும் மருத்துவத்துக்கு இசட் புள்ளி மயிரிழையில் தவறிய பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். இந்தப் பிள்ளையும் அந்த எல்லையில்தான் நிற்கிறாள்.

யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. அங்கே என்றாலும் வேறெங்கே என்றாலும் படிப்பு ஐந்து வருடம், பிறகு ஒரு வருடம் சம்பளத்தோடு உள்ளகப் பயிற்சி. பெறுபேறு, வெட்டுப்புள்ளி, அனுமதி என்று இழுபட்டுக் கம்பஸுக்குள் காலெடுத்து வைக்கவே 21 ஆகிவிடுகிறது. ஆகவே 26இல் முதல் சம்பளம், 27இல் முழு டொக்டர். ஆய்வுக்குப் போக விரும்பினால் அங்கிருந்து இரண்டு கிளை. ஒன்று, கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் பரீட்சைகளை எழுதி நிபுணராவது. பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் நிர்ப்பீடனவியலுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. மற்றது, பல்கலைக்கழக விரிவுரையாளராகி வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் செய்வது. இரண்டாவது கிளைக்குப் பேராசிரியர் நீலிகா மலவிகே நல்ல உதாரணம். கொழும்பில் மருத்துவம் படித்து, ஒக்ஸ்போர்டில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் நிர்ப்பீடனவியலும் மூலக்கூற்று மருத்துவமும் என்ற துறையில் பேராசிரியரானவர். டெங்குவில் சிலருக்கு மட்டும் ஏன் குருதிக்குழாய் கசிந்து நோய் கடுமையாகிறது என்பது அவருடைய நீண்டகாலக் கேள்வி. 2021இல் எங்களில் பலருக்குச் சைனோபார்ம் ஊசி போட்டார்களே, அது இலங்கையருடைய உடலில் எவ்வளவு பிறபொருளெதிரியை (கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதத்தை) உண்டாக்கியது என்று அளந்து பார்த்ததும் அவருடைய குழுதான்.

டொக்டருக்கு மட்டும் கிடைக்கும் ஒன்று இருக்கிறது: கட்டிலில் கிடக்கும் நோயாளி. விஷமுறிவு மருந்து ஒவ்வாமை பற்றி இலங்கை மருத்துவர்கள் 1007 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. மருந்தை ஏற்றுமுன் மிகக் குறைந்த அளவில் அதிரினலின் கொடுத்தால் கடும் ஒவ்வாமை குறைகிறது என்று அது காட்டியது. அதுவரை வழக்கமாகக் கொடுத்துவந்த ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெதசீனும் அந்த வேலையைச் செய்யவில்லை என்பதையும் காட்டியது. அவளின் அப்பாவுக்கு நடந்ததுக்கு நேரான ஆய்வு. இதை ஆய்வுகூடத்துக்குள் மட்டும் இருந்து செய்ய முடியாது. மருத்துவத்தின் பக்கம் நான் வைக்கும் மிகப் பலமான வாதம் இதுதான்.

எதிர்வாதமும் இருக்கிறது. முதல் சம்பளம் வந்ததும் அதுவே கட்டுத்தறி ஆகிவிடுகிறது. தங்கச்சியின் கலியாணம், வீட்டுத் திட்ட வீட்டுக்கு மேல் ஒரு அறை, பிறகு பின்னேரங்களில் தனியார் சேவை. ஆய்வு செய்யத்தான் மருத்துவம் படிக்கிறேன் என்று சொல்லிப்போன என் நண்பர்கள் மூன்று பேர். மூன்று பேரும் நல்ல டொக்டர்கள். ஒருவர் இப்போது வன்னியில் வேலை செய்கிறார், அவர் இல்லாவிட்டால் எங்கள் பாடு திண்டாட்டம். ஆனால் யாரும் ஆய்வுக்குப் போகவில்லை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசல் அப்படி.

அடுத்தது நான் போன வாசல், உயிரியல் விஞ்ஞானம். யாழ். விஞ்ஞான பீடத்தில் விலங்கியல், தாவரவியல், இரசாயனம். கொழும்பில் மூலக்கூற்று உயிரியலும் உயிரிரசாயனமும் என்று தனிப் பாடநெறியே உண்டு. கேள்வியைத் தேடிப்போகிறவருக்கு இதுதான் நேரான பாதை. நாலு வருடச் சிறப்புப் பட்டம், கடைசி வருடம் ஒரு ஆய்வுத்திட்டம். அதாவது 24, 25இலேயே மேசையில் நின்றுவிடலாம், டொக்டரை விடப் பல வருடம் முந்தி.

விலங்கியல் என்றதும் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். இந்தத் துறையைத் தொடக்கியவர்களில் ஒருவரே விலங்கியலாளர்தான். 1882இல் இத்தாலியின் மெசினாவில் இலியா மெட்ச்னிகோஃப் கண்ணாடி போலிருக்கும் நட்சத்திரமீன் குடம்பிகளுக்குள் சில முட்களைக் குத்திவைத்துவிட்டுப் படுக்கப்போனார். விடியப் பார்த்தால் அசையும் கலங்கள் ஓடிவந்து முள்ளைச் சூழ்ந்திருந்தன. காலில் முள் ஏறி அடுத்தநாள் சீழ் கட்டினால் என்ன நடந்திருக்கும் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மெட்ச்னிகோஃபுக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது. நூறு வருடம் கழித்து, 2011இல், அதே பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜூல்ஸ் ஹொஃப்மன் வெட்டுக்கிளியில் ஆய்வைத் தொடங்கிப் பழ ஈக்குப் போனவர். இன்னும் கிட்ட வந்தால், கேம்பிரிட்ஜில் படித்த தமிழ் நிர்ப்பீடனவியலாளர் ரஞ்சன் ராமசாமி இருக்கிறார். பின்னாளில் யாழ். விலங்கியல் துறையினரோடு சேர்ந்து, ஏடிஸ் நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டுமல்ல, உவர்நீர்க் கிணறுகளிலும் பெருகுகிறது என்று காட்டியவர்.

இந்தப் பாதை நாட்டுக்குள் எங்கே இறுகுகிறது என்று என் கதையைச் சொன்னால் விளங்கும். சிறப்புப் பட்டம் முடித்து, தற்காலிகச் செய்முறைப் போதனாசிரியராக இருந்துகொண்டு எம்.பில். தொடங்கினேன். எனக்குத் தேவைப்பட்டது ஒரு குப்பி பிறபொருளெதிரி. 100 மைக்ரோலீற்றர், அதாவது இரண்டு சொட்டு. விலை 300 டொலருக்கு மேல். ஓடர் போட்டுக் காத்திருந்தேன். வந்த பெட்டி நடுவில் எங்கேயோ தேங்கி, உலர்பனிக்கட்டி முழுவதும் ஆவியாகி, குப்பி அறை வெப்பநிலையில் என் கைக்கு வந்தது. எங்கே தேங்கியது என்று கேட்டால் ஆளுக்காள் கையைக் காட்டினார்கள். இரண்டாவது முறை ஓடர் போடுமுன் 2022 வந்துவிட்டது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதம் 360. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. மறை 80 பாகையில் இருக்க வேண்டிய மாதிரிகளுக்கு என்ன நடந்திருக்கும் என்று உறைபெட்டியைத் திறக்காமலே தெரியும். அந்த வருடம்தான் ஆசிரியர் நியமனத்தை எடுத்துக்கொண்டேன். பிறகு எழுதி முடித்துக் கொடுக்க மனம் வரவில்லை.

ஆகவே உயிரியல் விஞ்ஞானத்தைத் தெரிகிறவர் முதல் நாளிலிருந்தே வெளிநாட்டுக் கலாநிதிப் பட்டத்தை மனதில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. இது ஊரை விட்டு ஓடச் சொல்வது மாதிரி இருக்கும். இருக்கட்டும். எங்கள் வீடுகளில் பலருக்குத் தெரியாத சங்கதி என்னவென்றால், விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு நாங்கள் காசு கட்டுவதில்லை, அவர்கள்தான் தருவார்கள். அமெரிக்காவில் உயிரியல் மருத்துவத் துறைகளில் கட்டணம் தள்ளுபடி, அதற்குமேல் வருடத்துக்கு 30,000 டொலருக்குக் கூடிய உதவித்தொகை. நாலு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேரே விண்ணப்பிக்கலாம், முடிக்க ஐந்தாறு வருடம் ஆகும். 2025இல் அங்கே அரசாங்க ஆய்வு நிதி வெட்டப்பட்டு, சில பல்கலைக்கழகங்கள் புது அனுமதிகளைக் குறைத்துவிட்டன. அந்தக் கதவு முன்னைப்போல அகலத் திறந்திருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

கனடாவை நம்மவர்கள் ஏன் கவனிப்பதில்லையோ தெரியவில்லை. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் நிர்ப்பீடனவியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. ஆய்வு முதுமாணிக்கும் உதவித்தொகை உண்டு. ஸ்காபரோவில் பெரியம்மாவோ சித்தப்பாவோ இல்லாத வன்னிக் குடும்பம் எத்தனை? ஜேர்மனியில் கட்டணம் பெரும்பாலும் இல்லை, ஆனால் முதலில் முதுமாணி செய்ய வேண்டிவரும். விசாவுக்கு 11,904 யூரோவைக் கணக்கில் முடக்கிக் காட்டவும் வேண்டும். எங்கள் காசில் 40 இலட்சம் அளவில் வரும். காணியை ஈடு வைத்து அதைச் செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

நடுவில் நின்றால் என்ன மிஞ்சும்? என்னைப் பாருங்கள். ஆசிரியர் வேலை. பிடித்த வேலைதான், ஆனாலும் அதற்கு நான் எட்டு வருடம் சுற்றி வந்தேன். வெளியே போனவர்களுக்கும் நிலையில்லாத காலம் உண்டு. கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு மூன்று, ஐந்து வருடம் ஒப்பந்த வேலையில் ஆய்வுகூடம் மாறி மாறித் திரிய வேண்டும். கொவிட் ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு வழிவிட்ட கத்தலின் கரிக்கோ 1995இல் பதவி இறக்கப்பட்டார். 2005இல் அவர் சக ஆய்வாளர் வைஸ்மனோடு சேர்ந்து எழுதிய ஆர்.என்.ஏ. கட்டுரையை அப்போது அதிகம் பேர் கவனிக்கவில்லை. 2023இல் நோபல். எல்லோருக்கும் கடைசி அத்தியாயம் அப்படி அமையாது.

ஆனாலும் மருத்துவம் பெரிது, விஞ்ஞானம் சின்னது என்ற பேச்சு இந்தத் துறைக்குள் எடுபடாது. 2025இன் மருத்துவ நோபலைப் பாருங்கள். உடம்பு தன்னைத்தானே தாக்காமல் தடுக்கும் ஒழுங்குபடுத்தும் ரீ கலங்களை (நிணநீர்க்குழியத்தில் ஒரு வகை) 1995இல் காட்டிய ஷிமொன் சகாகுச்சி மருத்துவர். 2001இல் அதற்குரிய பரம்பரையலகைச் செதில் படிந்த தோலுள்ள ஒரு சுண்டெலி வம்சத்தில் கண்டுபிடித்த மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் மருத்துவர்கள் அல்லர். மூவரும் ஒரே பரிசைப் பகிர்ந்தார்கள். வயதுக் கணக்கும் கிட்டத்தட்டச் சமன்தான். டொக்டராகி 27இல் தொடங்கினாலும், விஞ்ஞானம் படித்து 26இல் தொடங்கினாலும் கலாநிதி என்று கூப்பிடும்போது 31, 32. நடுவில் இருக்கும் வருடங்களை யார் தாங்குவது என்பதில்தான் வித்தியாசம்.

இப்போது யாரும் கேட்காத வாசலுக்கு வருகிறேன்: மிருக வைத்தியம். இலங்கையில் பேராதனையில் மட்டும்தான் இந்தப் பீடம். ‘மாட்டு டொக்டர்’ என்று எங்கள் ஆட்கள் இளப்பமாகச் சொல்லும் இந்தப் படிப்பு, நிர்ப்பீடனத்துக்கு மருத்துவத்தை விடக் கிட்டவா என்று கேட்டால், பல இடங்களில் ஆம் என்பேன். பண்ணையில் ஒவ்வொரு நாளும் நடப்பது நிர்ப்பீடனம்தான். தடுப்பூசி போட்ட மந்தை, போடாத மந்தை, தாயின் கடும்புப்பாலில் கன்றுக்குப் போகும் பிறபொருளெதிரி. கடும்புப்பாலைக் கறந்து நாங்கள் சீனி போட்டுக் காய்ச்சிச் சாப்பிட்டுவிடுகிறோம், கன்றுக்கு அதுதான் முதல் தடுப்பூசி. மனிதர் இந்த உலகத்திலிருந்து முற்றாக ஒழித்த நோய்கள் இரண்டே இரண்டு. ஒன்று பெரியம்மை. மற்றது மாட்டுக்கு வரும் வெக்கை நோய். அது ஒழிந்ததாக 2011இல் அறிவித்தார்கள். அதற்கு வழிவிட்ட தடுப்பூசியைச் செய்த வால்டர் பிளவ்ரைட் ஒரு மிருக வைத்தியர். எங்கள் பக்கத்து மாடுகளுக்கு உடம்பெல்லாம் கட்டி கிளம்பிய லம்பி தோல்நோய் 2020இல் இலங்கைக்குள் முதலில் தெரிந்ததே வடக்கில்தான். அந்த வருடம் பட்டியில் நின்ற பால் வாளிகள் காலியாகக் கிடந்ததை இந்தப் பிள்ளையின் அம்மாவும் மறந்திருக்க மாட்டார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை பீட்டர் டொஹர்ட்டியுடையது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மிருக வைத்தியம் படித்தவர். 1970களின் தொடக்கத்தில் கன்பெராவில் இடநெருக்கடியில் அவரோடு ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர் சுவிஸிலிருந்து வந்த மருத்துவர் ரோல்ஃப் சிங்கர்னகல். இருவரும் சேர்ந்து கண்டுபிடித்தது இது: கொல்லும் ரீ கலம் வைரஸ் தொற்றிய கலத்தை அடையாளம் காண வைரஸின் துண்டு மட்டும் போதாது, அந்தக் கலம் தன்னுடைய ஆள்தான் என்று காட்டும் அடையாளமும் சேர்ந்து தெரிய வேண்டும். எதிரி எது, உறவு எது என்ற அவளின் கேள்விக்கு இதுவரை கிடைத்த பதில்களில் பெரிய பதில் இது. 1996இல் மிருக வைத்தியருக்கும் மருத்துவருக்கும் நோபல் பரிசு சரிபாதி.

முதல் சம்பளம் பற்றியும் பயப்படத் தேவையில்லை. அரச கால்நடை வைத்தியர் என்ற நல்ல வேலை இருக்கிறது. மருத்துவத்தை விட வெட்டுப்புள்ளி குறைவாகவே வரும். இடைஞ்சல் என்றால் பேராதனையில் தங்கிப் படிக்கும் செலவு, மலையகத்துக் குளிர், சிங்களமும் ஆங்கிலமும். வன்னியில் இருந்து போகும் பிள்ளைக்கு முதல் வருடம் கண்ணீராகத்தான் இருக்கும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பாடப்புத்தகத்தில் நிர்ப்பீடனம், பிறபொருளெதிரி, நிணநீர்க்குழியம். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் நோயெதிர்ப்பாற்றல், எதிர்ப்பொருள், செல். கம்பஸுக்குள் போனால் இரண்டும் இல்லை, எல்லாம் ஆங்கிலம். உயர்தரத்தில் பிறபொருளெதிரிக்கு ஒரு பக்கம் எழுதி முழுப் புள்ளி எடுத்த பிள்ளை முதல் விரிவுரையில் அதே சங்கதியை ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு இது ஏதோ புதுப் பாடம் என்று நினைத்து வாயடைத்துப்போவதைக் கண்டிருக்கிறேன். எந்த வாசலால் போனாலும் அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களை இதற்கே செலவழிக்க வேண்டும்.

மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் இன்னொரு வழி. நாலு வருடம், யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் இன்னும் சில இடங்களிலும் உண்டு. நடுவில் நின்றால் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு இதைப்போல நல்ல பதில் வேறெதற்கும் இல்லை. எலைசா என்ற பிறபொருளெதிரிச் சோதனை, டெங்கு அன்ரிஜன் சோதனை, குருதி வகை பார்ப்பது என்று கையில் ஏறுவதெல்லாம் நிர்ப்பீடன வேலை. சிறப்புப் பட்டம் என்பதால் பிறகு வெளிநாட்டு ஆய்வுக்கும் போகலாம். ஆனால் அங்கே கேள்வி கேட்பது டொக்டர், பதில் சொல்வது இயந்திரம், நடுவில் நிற்பது நீங்கள். இது மனதுக்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும். வீட்டில் வருமானத்துக்கு வேறு ஆள் இல்லையென்றால் இதைத்தான் முதலில் போடச் சொல்வேன்.

மற்றவை சுருக்கமாக. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். கால்நடைப் பக்கமாகச் சிறப்பு எடுத்தால் மெல்ல மெல்ல இந்தப் பாதைக்குத் திருப்பலாம், ஆனால் வளைவு அதிகம். 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் சுற்றுச்சூழல் விஞ்ஞானம் உண்டு, இந்தத் தேவைக்கு அது தூரம். இந்திய அரசின் நேரு நினைவுப் புலமைப்பரிசில் மருத்துவம் தவிர்ந்த பட்டங்களுக்குக் கிடைக்கும். உயிர்த்தொழில்நுட்பம் படிக்கத் தமிழ்நாடு நல்ல இடம். சொந்தக் காசில் போவதென்றால் வேண்டாம்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்தப் பிள்ளையிடம் ஒன்று மட்டும் கேட்டேன். ஆய்வு கைகூடாமலே போகிறது என்று வைத்துக்கொள். முப்பத்தைந்து வயதில் காலையில் எழும்பி எந்த வேலைக்குப் போக உனக்குச் சலிப்பு வராது?

கொஞ்ச நேரம் பேசவில்லை. “டொக்டர் வேலை எனக்கு விருப்பமில்லை சேர். ஆஸ்பத்திரி மணமே ஒத்துவராது. மாடெண்டால் பரவாயில்லை.”

அப்படியென்றால் ஒரு சிக்கலை விளங்கிக்கொள் என்றேன். விண்ணப்பத்தில் மேலே போட்டதுக்குப் புள்ளி காணுமென்றால் கீழே போட்டதைப் பார்க்கவே மாட்டார்கள். மிருக வைத்தியத்தை முதலாவதாகப் போட்டால், மருத்துவத்துக்குப் புள்ளி வந்தாலும் மருத்துவம் கிடையாது. பிறகு மாற்ற முடியாது.

அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. “என்ன சேர், டொக்டருக்குக் கிடைக்கக்கூடிய பிள்ளையை மாட்டு டொக்டருக்கு அனுப்பச் சொல்லுறியளோ?” என்றார். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. எனக்கும் பதில் வரவில்லை. உண்மையில் அவளுடைய இடத்தில் என் மகள் இருந்திருந்தால் நானும் தயங்கியிருப்பேன். பேராதனைப் பல்கலைக்கழகமும் கொஸ்டாரிக்காவின் குளோடோமிரோ பிக்காடோ நிறுவனமும் சேர்ந்து, இலங்கைப் பாம்புகளின் விஷத்தைக் கொண்டே புது விஷமுறிவு மருந்து ஒன்றை உருவாக்கிப் பார்த்த கதையைச் சொன்னேன். இப்போது எங்களுக்கு வருவது இந்தியாவில் செய்தது, நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டைவிரியன் நாலுக்கும் உரியது. மூக்கு மேலே வளைந்த சின்ன விரியனுக்கு அது சரிவராது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார், மனம் இறங்கவில்லை.

கூட்டிப்போக வந்த அப்பா மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டுப் படியில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். புடையன் கடித்த காலை அவர் இன்னும் கொஞ்சம் நீட்டித்தான் வைக்கிறார்.

“அண்டைக்கு எனக்கு ஏத்தின மருந்து குதிரையில இருந்துதானே வந்தது? அந்தக் குதிரைக்கு ஊசி போட்டு வளத்தது ஆர், ஆஸ்பத்திரி டொக்டரோ?”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்துப் பாடநெறி இலக்கங்களை வரிசையாக எழுதத் தொடங்கினாள். போனில் ஏற்றுமுன் நான் கைந்நூலோடு ஒத்துப்பார்த்தேன். மூன்றாவதில் ஒரு இலக்கம் மாறியிருந்தது.